மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்



தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போடாமல் விஷயத்தை மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியவை. சில வருடங்களுக்கு முன் அவர் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, "இவர் பிழைத்து வந்தால் மூன்று தைப்பூசம் பால்குடம் எடுக்கிறேன் முருகா" என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். கணவர் வீடு திரும்பினார். முதல் வருடம் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடந்து வேண்டுதலைச் செலுத்தினார். இரண்டாம் வருடம் வீட்டில் ஒரு சண்டை. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, இனி விரதம் எதற்கு என்று பாதியில் விட்டுவிட்டார். மூன்றாம் வருடம் தைப்பூசத்தன்று இரவு வேலைக்குப் போய்விட்டார்.

தைப்பூசம் 1968இல் இங்கே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. லீவு கிடைக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்போம். "கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஐயா, நான்தான் கேட்கவில்லை" என்று எழுதுகிறார். அந்த நேர்மை என்னை உலுக்கியது.

"அன்றிலிருந்து விளக்கேற்றும்போது முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கோயிலுக்குப் போனாலும் கொடிமரத்தோடு திரும்பிவிடுகிறேன். தினமும் தாருல் குஃப்ரான் பள்ளிவாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் உள்ளே போகிறவர்கள் தயங்காமல் போகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் கால் வரவில்லை? வாக்குத் தவறியவளை அவன் ஏற்றுக்கொள்வானா?"

ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி இந்தக் கேள்வியை முடித்துவிட மனம் வரவில்லை. ஏனென்றால், அம்மா, உங்களுக்கு முன்னால் இதே தவறைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். சிவன் கோயில் பிராகாரத்தில் அவரை வைத்துக் கும்பிடுகிறோம். சுந்தரமூர்த்தி நாயனார்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரில் அவருடைய முதல் மனைவி பரவையார் இருக்கிறார். அந்த ஊரை விட்டு அவரால் நெடுநாள் இருக்க முடியாது. அதனால் இறைவனிடமே போய் ஓர் ஏற்பாடு கேட்டார்: நான் சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் உள்ளே இருக்க வேண்டாம், வெளியே மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளும். சுவாமி சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சங்கிலியாருக்கும் சொல்லிவிட்டார். இறைவன் இருக்கும் இடத்திலேயே சுந்தரர் வாக்குக் கொடுக்கும்படி ஆயிற்று. பிறகு வசந்த காலம் வந்தது, ஆரூர் நினைவு வந்தது, கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று.

இதை எழுதியவர் சேக்கிழார். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். தன் காவியத்தின் நாயகருக்கு இப்படி ஒரு பழி வேண்டாம் என்று அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. வழி நெடுக நடந்ததையும் ஊர் ஊராகச் சொல்லிப் போகிறார்.

கண் தெரியாமல் நடந்த சுந்தரர் திருவெண்பாக்கம் வந்து, உள்ளே இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறேன் என்று பதில் வந்தது. பார்வை வரவில்லை, ஓர் ஊன்றுகோல் வந்தது. கோபத்தில் அந்தக் கோலை அவர் வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தல வரலாறு. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் நீரில் மூழ்க, சுவாமியைப் பூண்டியில் எழுப்பிய புதிய கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவருக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். பிறகு காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. இடையில் பற்றியிருந்த உடம்பு நோய் திருத்துருத்திக் குளத்தில் தீர்ந்தது. ஆரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வலக்கண்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த ஊன்றுகோலைத்தான். தண்டனை நடந்துகொண்டிருக்கும்போதே கொடுத்தது அது. உன் தவறு தீரட்டும், பிறகு முகம் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. தவறிய மனிதன் அந்தக் கோலத்திலேயே வந்து கேட்டான், அந்தக் கோலத்திலேயே பதில் கிடைத்தது. சுந்தரரும் கூசி ஒதுங்கவில்லை. வாதாடினார், சினந்தார், ஒவ்வோர் ஊரிலும் பதிகம் பாடினார். கொடிமரத்தோடு அவர் ஒருநாளும் திரும்பவில்லை.

கதையில் எனக்கு ஆறாத இடமும் உண்டு. சங்கிலியார். ஒற்றியூரில் விடப்பட்ட அந்தப் பெண்ணின் பக்கம் நின்று கேட்டால், சுந்தரருக்குக் கண் திரும்பியதால் அவளுக்கு என்ன ஆயிற்று? கடவுள் மன்னித்தது ஒரு கணக்கு, மனிதருக்குச் செய்தது வேறு கணக்கு. இறைவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. சங்கிலியாரை மணந்ததற்காக ஆரூரில் பரவையார் கதவடைத்தபோது, மனம் நொந்த சுந்தரருக்காக நள்ளிரவில் அவரே தெருவில் நடந்து தூது போனார். முதல்முறை பரவையார் மறுத்துவிட, மறுபடியும் போனார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன் அம்மா. விரதம் முறிந்த அன்று வாய்க்கு வந்ததைப் பேசினீர்களே, அதைக் கேட்டவர் யார்? அவரிடம் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் முருகனிடம் பட்ட வெட்கம் ஐந்து பக்கம் இருக்கிறது, அந்த மனிதரைப் பற்றி ஒரே ஒரு வரி. முதலில் அங்கே போங்கள்.

நீங்கள் தாண்டிப் போகும் அந்தப் பள்ளிவாசலின் பெயருக்கு மன்னிப்பின் இல்லம் என்று பொருள். 5,500 பேர் தொழும் அளவுக்கு அதை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். குற்றமே செய்யாத 5,500 பேர் தெம்பனிஸில் கிடைப்பார்கள் என்று நினைத்தா கட்டினார்கள்? தயங்காமல் உள்ளே போகிறவர்களுக்கும் மனதில் ஏதோ ஒரு பாரம் இருக்கும். அதை இறக்கிவைக்கத்தான் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைவர்கள் போற்றும் அறுபத்து மூவருக்கு ஆதாரமாக இருப்பது திருத்தொண்டத்தொகை. அடியார்களின் பெயரைச் சொல்லி, இவர்களுக்கு நான் அடியேன் என்று பணிகிற அந்தப் பதிகத்தை ஆரூரில் பாடியவர் இதே சுந்தரர். வாக்குத் தவறியவர் பாடியது என்று அதைச் சைவம் தள்ளிவைக்கவில்லை. அவரையும் அவர் பெற்றோரையும் சேர்த்துத்தான் அறுபத்து மூன்று என்று எண்ணுகிறோம்.

பாக்கியிருக்கும் பால்குடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு முடிந்தால் வருகிற தைப்பூசத்துக்கு இப்போதே லீவு கேளுங்கள். இடையில் ஒரு கிருத்திகை நாளில் டேங்க் ரோட்டுக்குப் போய், கொடிமரத்தைத் தாண்டி உள்ளே நின்று, நடந்ததை நடந்தபடி அவனிடம் சொல்லுங்கள். எங்களுக்கு எழுதிய அதே வார்த்தைகள் போதும்.

ஆறு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் வீடு திரும்பினார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இப்போது எப்படி இருக்கிறார்? வேலைக்குப் போகிறாரா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்