சிமெண்டு பூசிய சமரசம்

நம் பத்திரிகைகளில் ஜென் பற்றி எழுதாத கவிஞர் குறைவு. ஜப்பானியத் தவளை நம் எல்லோருடைய குளத்திலும் ஒருமுறையாவது குதித்திருக்கிறது. எழுதட்டும், எனக்கு விரோதமில்லை. இந்தக் கவிதைகளுக்கு எழுதப்படும் முன்னுரைகளில் தவறாமல் வரும் ஒரு வாக்கியத்தோடுதான் என் சண்டை. 'பௌத்தமும் ஹிந்து மதமும் ஒரே மரத்தின் இரு கிளைகள். சூன்யமும் பிரும்மமும் ஒன்றே.' எழுதியவர் இரண்டையும் படித்ததில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சேலம். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோவில். பல தலைமுறைகளாக வழிபாடு நடந்த இடம். அங்கிருப்பது புத்தர் சிலை என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. தொல்லியல் துறை நிபுணர்கள் பார்த்தார்கள். தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, தொங்கும் காது, நெற்றியில் ஊர்ணம். வெட்டுண்ட தலை சிமெண்டுக் கலவையால் உடம்போடு ஒட்டப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு: இது புத்தர், அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறைக்கு மாற வேண்டும், இன்னது என்று பலகை வைக்க வேண்டும், ஜனங்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

இதைச் சொன்னவுடன் ஒரு நண்பர் சிரித்தார். 'அதனால் என்ன? புத்தரும் அவதாரம்தானே?' அவதாரம்தான். எதற்காக அவதரித்தார் என்று அவர் பார்த்ததில்லை. அசுரர்களை மயக்கி வேத வழியிலிருந்து விலக்க என்கிறது பாகவதம். விஷ்ணு புராணத்தில் அதே வேலையை மாயாமோகன் செய்கிறான். பொய் சொல்ல வந்தவர் என்ற முறையில் புத்தருக்கு ஓர் இருக்கை. இந்த உபசாரத்துக்குப் பெயர் சமரசமா?

பொதுவானவை இல்லை என்று நான் வாதிடவில்லை. கர்மம், மறுபிறப்பு, தியானம், துறவு எல்லாம் இரு பக்கத்திலும் உண்டு. அமரகோசம் புத்தரின் பெயர்களில் ஒன்றாக 'முனி'யைச் சொல்கிறது. அதற்காக, எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் மீசையும் அரிவாளுமாக நிற்கும் முனியப்பன்களெல்லாம் புத்தர் என்று சொல்லிவிட முடியாது. சொல் ஒன்றாக இருப்பது பொருள் ஒன்று என்பதற்குச் சாட்சியாகாது. மறுபிறப்பு இருவருக்கும் உண்டு. பிறப்பெடுக்கும் ஆன்மா ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. நாகார்ஜுனரின் சூன்யம் ஒரு வஸ்துவல்ல. எதற்கும் சுயமான இருப்பு இல்லை என்ற மறுப்பு. அதை எடுத்துப் பிரும்மத்தின் இடத்தில் உட்கார வைப்பது, தலையை வெட்டி வேறு தலை ஒட்டுகிற காரியம். சங்கரரை எதிரிகள் 'மறைமுக பௌத்தர்' என்றார்கள். அன்று அது வசவு. இன்று நம் முன்னுரைகளில் அதுவே பாராட்டு. ஏசியவர்கள் வித்தியாசத்தை அறிந்திருந்தார்கள்.

நம்மிடமே மணிமேகலை இருக்கிறது. வஞ்சியில் அவள் ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்கிறாள். வேதவாதி, சைவன், வைணவன், ஆசீவகன், நிகண்டன், பூதவாதி என்று வரிசை. 'எல்லாம் ஒன்றே' என்று கும்பிட்டு அவள் கிளம்பிவிடவில்லை. அதன் பிறகுதான் அறவண அடிகளிடம் தர்க்கம் படிக்கிறாள். மாறுபடுகிறவனின் வாதத்தைக் கேட்டு மறுப்பதுதான் அவனுக்குத் தரும் மரியாதை என்ற நாகரிகம் அது. நாம் சண்டைக்குப் பயந்து சமரசம் பேசுகிறோம்.

தீர்ப்பைக் கொண்டாடும் நண்பர்களிடமும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. பூஜை நின்றதில் அவர்களுக்கு ஒரு குதூகலம். இத்தனை நாள் ஏமாந்தீர்கள் என்று முனியப்பனைக் கும்பிட்டவனைப் பார்த்து ஏளனம். தீர்ப்பு சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வழிபட்டவனை ஏமாளி என்பவர்கள் அவன் வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும். தலைவெட்டி. நடந்ததை அந்தப் பெயர் மறைக்கவில்லை. வெட்டைத் தெய்வத்தின் பெயரிலேயே வைத்து நேர்ந்துகொண்டவன் அவன். வெட்டே விழவில்லை என்று எழுதுவது படித்த நாம்தான். சிமெண்டு நம் கையில் இருக்கிறது.

இது வெறும் தத்துவச் சச்சரவு என்று யாரும் தள்ள வேண்டாம். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றபோது எடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்க மாட்டேன் என்பது. பிறப்பால் இழிவு என்று சொன்ன இடத்தைவிட்டு வெளியேறியவர்களின் பின்னால் ஓடிப்போய், 'நீங்களும் நாங்களும் ஒன்றுதான்' என்பது அன்பாகாது. கதவைச் சாத்துகிற காரியம். அரசியல் சட்டம் இருபத்தைந்தாம் பிரிவின் விளக்கத்தில் ஹிந்து என்ற சொல்லுக்குள் பௌத்தரையும் சேர்ப்பது கோவில் நுழைவு, சமூகச் சீர்திருத்தச் சட்டங்களின் வசதிக்காக. அது தத்துவத் தீர்ப்பல்ல.

எனவே அடுத்த முறை சூன்யம் என்று எழுதும் நண்பர், யாருடைய சூன்யம் என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டும். தெரியாவிட்டால் 'வெறுமை' என்று எழுதலாம். நல்ல தமிழ்ச் சொல்; யார் தலையும் உருளாது.