பழைய கணினியைத் தள்ளிவிடுமுன்



கடந்த வாரத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து மகனைக் கல்லூரியில் படிக்க வைக்கிறார். பேசிக்கொண்டிருந்தபோது, மகன் மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டு, அது விழித்தெழும்வரை காத்திருப்பதற்காகச் சமையலறைக்குள் போனான். தேநீர் வந்தது, குடித்தும் முடித்தோம். அதன் பின்னரே திரையில் எழுத்துகள் தெளிந்தன.

"ஐயா, கடையில் காட்டினேன். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், தவணையில் தருகிறோம் என்கிறார்கள். பன்னிரண்டு மாதம் கட்ட வேண்டும். வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. வாங்குங்கள் என்றால் ஓராண்டு அவர் இரவில் கூடுதலாகத் தைக்க வேண்டும். வேண்டாம் என்றால் பிள்ளையின் படிப்புக்கு நான் தடையாகிவிடக்கூடும். இதே கேள்வி உங்களில் பலருடைய வீடுகளிலும் இருப்பதை அறிவேன். ஆகையால் இந்த வாரம் இதைக் குறித்தே என் கருத்தை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: காரணம் இன்னதென்று அறியுமுன் புதியது வாங்குவது தவறு, அதுபோலவே, காலம் முடிந்த கணினியைப் பிடிவாதமாகப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பதும் தவறு. முதல் தவறை அந்தச் சகோதரி செய்யவிருந்தார். இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன்.

கணினி மெதுவாகிவிட்டது என்றால் அதன் உறுப்புகள் எல்லாம் முதுமையடைந்துவிட்டன என்று பொருளல்ல. பெரும்பாலும் ஒன்றிரண்டு உறுப்புகளே தளர்ந்திருக்கும். அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். செயலி, நினைவகம், வன்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதை அது விழுக்காட்டில் காட்டும். அந்த வீட்டில் திறந்து பார்த்தோம். செயலி ஏறக்குறைய ஓய்வாக இருந்தது. வன்தட்டோ 100 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது. நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே, அதுவும் நிரம்பியிருந்தது.

இதன் பொருளைச் சற்று விளக்குகிறேன். பழைய வகை வன்தட்டுக்குள் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. ஒரு சிறு முனை அவற்றின்மேல் அங்குமிங்கும் நகர்ந்து, வேண்டிய தகவலைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு செல்கிறது. அது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கணினி எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகைச் சேமிப்பகத்தில் சுழலும் தகடும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆகவே தேடலுக்கான காத்திருப்பு நூறு மடங்குக்கும் மேலாகக் குறைந்துவிடுகிறது. நினைவகம் நிரம்பும்போது கணினி அந்த மெதுவான வன்தட்டையே நினைவகமாகவும் பயன்படுத்தத் தொடங்கும். ஆக, அந்த வீட்டுக் கணினியில் ஒரு குறை மற்றொன்றைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

வேறு காரணங்களும் உண்டு. விசிறியில் தூசி அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாது; செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி தொடங்கும்போதே கேட்காமல் எழுந்து நிற்கும் மென்பொருள்களும் வேகத்தைத் தின்னும். இவற்றைச் சரிசெய்யப் பணமே தேவையில்லை. ஆகையால் இவற்றை முதலில் பாருங்கள்.

அந்த மடிக்கணினி 2019-இல் வாங்கியது. அதில் இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைச் செயலி இருந்தது. இந்தச் செய்தி முக்கியமானது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமானால் இன்டெல் செயலி பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவாக இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தக் கணினியில் இரண்டும் இருந்தன. நம் வாலிபர் கூட்டத்துச் சகோதரர் ஒருவர் ஒரு மாலை நேரத்தில் எஸ்.எஸ்.டி.யையும் கூடுதல் நினைவகத்தையும் பொருத்திக் கொடுத்தார். செலவு, புதிய கணினியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இப்போது அது ஒரு நிமிடத்திற்குள் எழுந்துவிடுகிறது.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். என் மேசைக் கணினி 2012-இல் வாங்கியது. முதலில் மின்வழங்கி பழுதானது; மாற்றினேன். பின்னர் நினைவகம், மாற்றினேன். அதன் பின்னர் தாய்ப்பலகை. அதையும் தேடிப் பிடித்து மாற்றினேன். சிக்கனமாக வாழ்கிறேன் என்று உள்ளத்தில் ஒரு பெருமையும் இருந்தது. ஒருநாள் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு நல்ல கணினியின் விலையையே தவணை தவணையாகக் கொடுத்து முடித்திருந்தேன். அத்தனைக்கும் பின்னர் ஒரு காலையில் வன்தட்டு அடியோடு செத்துப்போயிற்று. என் தாயாரின் கடைசி நாட்களில் எடுத்த புகைப்படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. அவை திரும்பக் கிடைக்கவேயில்லை.

ஆகையால்தான் அந்தச் சகோதரியின் கணினியில் கைவைக்குமுன், மகனின் சான்றிதழ்களையும் மறைந்த கணவரின் படங்களையும் இரண்டு இடங்களில் பிரதி எடுக்கும்படி வற்புறுத்தினேன். நீங்களும் எதைத் தீர்மானித்தாலும் இதை முதலில் செய்யுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

கோபுரம் கட்டப் போகிறவன் முன்னதாகவே செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை விளக்கும் உவமை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அது சீஷத்துவத்தைக் குறித்தது, கணினியைக் குறித்ததன்று. ஆயினும் கணக்குப் பார்க்கும் பழக்கம் நம் வீட்டுக் காரியங்களுக்கும் உதவும். கணக்கிடுவதற்கு மூன்று கேள்விகளைத் தருகிறேன்.

முதலாவது, இக்கணினி எதற்காக? கடிதம் எழுதுவதற்கும் இணையத்தில் படிப்பதற்கும் என்றால் சிறிய மேம்பாடு போதும். காணொளி தொகுப்பதற்கோ பொறியியல் வரைபடங்களுக்கோ என்றால் செயலியே போதாமல் போகலாம். அதை மடிக்கணினியில் பெரும்பாலும் மாற்ற இயலாது.

இரண்டாவது, செலவு செய்த பின்னர் அது பாதுகாப்பாக இருக்குமா? வங்கிக் காரியங்களைச் செய்யும் கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்க வேண்டும். விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினி வைத்திருப்பவர்கள், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். தமிழில் தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் வேலைக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும் இயங்குவதாயின் அந்த வழி உதவாது.

மூன்றாவது, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பழுதுபார்க்கச் செலவாகுமா? ஆகுமெனில் நான் நிறுத்திக்கொள்வேன். இது நானாக வகுத்துக்கொண்ட அளவு. ஆனால் குறிப்பேட்டிலிருந்து கற்றது. நினைவகத்தின் விலை 2025-இன் பிற்பகுதியிலிருந்து மிகவும் ஏறியிருக்கிறது. ஆகவே பழைய விலையை நம்பாமல் அன்றைய விலையைக் கேளுங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; கூட்ட இயலாது. பொருளை வாங்குமுன் அதையும் விசாரியுங்கள்.

"ஐயா, காத்திருக்கும் நேரத்திற்கு விலையில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தினமும் அரைமணி நேரம் வீணாகும் பிள்ளையிடம் சிக்கனத்தைப் போதிப்பது அன்பாகாது. மூன்று கேள்விகளுக்கும் பதில் பாதகமாக வந்தால், குற்றவுணர்வின்றிப் புதியது வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. உள்ளதாக, குறைந்தது 8 ஜி.பி., இயன்றால் 16 ஜி.பி. நினைவகம் உள்ளதாகப் பாருங்கள். உத்தரவாதத்தோடு விற்கப்படும் புதுப்பிக்கப்பட்ட கணினியும் நல்லதே. அடுத்த வீட்டில் வாங்கினார்கள் என்பதற்காகவும், பழையதோடு நிற்க வெட்கமாயிருக்கிறது என்பதற்காகவும் மட்டும் கடன்படாதிருங்கள்.

பழையதைக் கழிக்கும்போதும் நமக்குப் பொறுப்புண்டு. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்று உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. மீதியில் ஒரு பங்கு, முகக்கவசமும் இன்றிக் கம்பிகளை எரித்துச் செம்பு பிரிக்கும் ஏழைகளின் சுவாசத்தில் போய்ச் சேருகிறது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. ஆகவே எடைக்குப் போடாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் சேமிப்பகத்தை முற்றிலும் துடைத்துவிடுங்கள். கோப்புகளை நீக்கிய மாத்திரத்தில் அவை அழிந்துவிடுவதில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் பின்னர் அந்தச் சகோதரி என்னிடம் வந்து, தவணைக் கடிதத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மகனின் அடுத்த பருவக் கட்டணத்திற்காக ஒதுக்கியிருக்கிறாராம். உங்களில் எவருக்காவது கணினியைத் திறந்து பார்க்கத் தயக்கமிருந்தால், ஆராதனைக்குப் பின்னர் என்னிடமோ வாலிபர் கூட்டத்தாரிடமோ சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம். கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக.