காந்தி சிலையடியில் பத்து நிமிடம்

கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் பெயர்ப்பலகையோடு நின்ற சாரதியைச் சித்திதான் முதலில் கண்டார். கனடாவில் இருக்கும் மகன் இணையத்தில் பதிவுசெய்து, போகவரப் பணமும் கட்டியிருந்த வான். திருகோணமலைக்குக் கூட்டிச்செல்வது, மறுநாள் ஊர் சுற்றிக் காட்டுவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது, எல்லாம் ஒரே கட்டணத்தில். துணைக்கு நான் போனேன். சித்தியின் தாய்வீடு சம்பூர். 2006இல் இடம்பெயர்ந்து, பிறகு நாட்டையே விட்டுப் போனவர்.

சாரதி கம்பஹாவைச் சேர்ந்த சிங்கள இளைஞர். நிதானமாக ஓடினார். ஹபரணையில் சித்திக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை அவர் கையில் இருந்த தாளில்தான்.

கோணேசர் கோயில், பிரட்ரிக் கோட்டை மான்கள், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, புறாத்தீவு. கோயிலுக்குப் போகும் வழியே இராணுவம் இருக்கும் கோட்டைக்குள்ளால்தான் என்பது தாளில் இல்லை. கன்னியாவில் பிள்ளையார் கோயில் இருந்த இடம் தொடர்பாக 2019இல் மக்கள் திரண்டு போராடியதும் இல்லை. அங்கே தொல்லியல் திணைக்களத்தின் பலகை சொல்வதே சாரதி சொல்லும் வரலாறு. வேறு எதை அவர் சொல்வார்? யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே.

நகரக் கடற்கரைக்குத் தாளில் 'படம் எடுக்க 10 நிமிடம்' என்றிருந்தது. காந்தி சிலையடியில் இறங்கிய சித்தி படம் எடுக்கவில்லை. "எந்த இடத்தில பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். 2006 ஜனவரி 2 மாலை, இருபது வயதை ஒட்டிய ஐந்து தமிழ் மாணவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்ததில் இறந்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, தலையில் பாய்ந்த சூட்டுக் காயங்களைப் படமெடுத்து வெளிக்கொணர்ந்தவர் சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் சந்தேகநபர்களான விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சாரதிக்கு இதைச் சொன்னேன். அவர் வானொலியை நிறுத்தினார். அப்போது அவர் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாராம்.

படுகொலைகளைச் சுற்றுலாப் பொருளாக்கு என்று நான் கேட்கவில்லை. அப்படி விற்பதை நினைத்தாலே கூசுகிறது. ஆனால் விமான நிலையத்தில் ஆளை ஏற்றுபவரே அவர் எந்தத் திருகோணமலையைப் பார்ப்பார் என்பதையும் தீர்மானிக்கிறார். ஏற்றும் தொழில் இந்த ஊர்க்காரர் கையில் இல்லை.

ஏன் இல்லை என்று பஸ் நிலையத்தடி வான்காரர்களிடம் விசாரித்தேன். கணக்கு எளிது. இங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆறு மணித்தியாலம். ஒருவரை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பினால், அந்த டீசல் செலவும் கூலியில் ஏற வேண்டும். கொழும்புப் பக்க நிறுவனத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு. சிகிரியா, திருகோணமலை, கண்டி என்று ஒரே ஓட்டமாக இணைத்து, ஆளோடு போய் ஆளோடு திரும்பும். அதனிடம் இணையத்தளம் இருக்கிறது, அட்டையில் பணம் வாங்கும் வசதி இருக்கிறது, சுற்றுலா அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள வழிகாட்டிச் சாரதிகளும் இருக்கிறார்கள். நம்மவருக்கு எஞ்சுவது நிலாவெளி வரை ஒரு ஹயர். அதையும் ஹோட்டல் தரகு கேட்கும்.

மறுநாள் சித்தி புறாத்தீவு வேண்டாம், சம்பூருக்குப் போவோம் என்றார். அது பதிவில் இல்லை என்று சாரதி வருத்தத்தோடு சொன்னார். ஊர் வான் ஒன்று பிடித்தோம். கிண்ணியாப் பாலம் தாண்டியதும் அந்த ஓட்டுநர் தானாகவே பேசத் தொடங்கினார். 17 தொண்டுப் பணியாளர்கள் 2006 ஓகஸ்டில் கொல்லப்பட்ட மூதூர் வளவு எது, சம்பூரில் 2015இலும் 2016இலும் விடுவிக்கப்பட்ட காணிகளில் எவை இன்னும் பற்றையாகக் கிடக்கின்றன, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தியின் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் அரைமணி நேரம் இருந்தோம். ஓட்டுநர் நேரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது சித்தி அவரிடம் விமான நிலையத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். அவர் சொன்ன தொகை, இணையத்தில் கட்டியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. "வெறும் வானோட வரவேணும் அம்மா," என்றார். சித்தி அவருடைய இலக்கத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு அதிகாலை வாசலில் கம்பஹா வான் வந்து நின்றது.