புகையின் நிறமும் குறையும் ஆயிலும்



காரின் சைலன்சரிலிருந்து நீலப் புகை எழுகிறது. ஆயில் மாற்றி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் அளவு குறைந்து கிடக்கிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் உடனே கிடைக்கிறது. டர்போ பொருத்திய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த அனுபவம் புதிதன்று.

டர்போ மாற்றுவதென்றால் பல்லாயிரம் ரூபாய் செலவாகும். வெளிநாட்டில் உழைக்கும் மகனோ சகோதரரோ அனுப்பிய பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டும் குடும்பத்திற்கு இது எளிய சுமையன்று. அந்தச் செலவையும் செய்து முடித்து, சில மாதங்களில் அதே புகை மீண்டும் எழுந்தால் என்ன செய்வது? இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான் உண்டு. டர்போ ஏன் கெட்டது என்று எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியை எப்படிக் கேட்பது, விடையை எங்கே தேடுவது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

டர்போ எவ்வாறு இயங்குகிறது?

என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் விசையால் அதிகக் காற்றை என்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவியே டர்போ. இந்த எண்ணத்திற்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பியூகி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற்றது 1962இல், அமெரிக்காவில். நம் நாட்டிலோ, 2007இல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்தபின் சிறிய கார்களிலும் டர்போ பரவலாயிற்று. இன்று பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அது இருக்கிறது.

ஒரே அச்சின் இரு முனைகளில் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றுகிறது. மற்றொன்று காற்றைத் தள்ளுகிறது. சிறிய கார்களில் இந்த அச்சு நிமிடத்திற்கு ஒன்றிரண்டு லட்சம் சுற்றுகள் வரை சுழலும். அவ்வளவு வேகத்தில் சுழலும் அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலமே. என்ஜின் ஆயில் ஒரு குழாய் வழியாக அழுத்தத்துடன் டர்போவுக்குள் வருகிறது. தன் பணியை முடித்துவிட்டு மற்றொரு குழாய் வழியாகத் தானாகக் கீழே வடிந்து என்ஜினுக்குத் திரும்புகிறது.

இங்கே முக்கியமான செய்தி ஒன்றுண்டு. டர்போவின் அச்சில் உள்ள சீல்கள் ரப்பரால் ஆனவையல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சிறு உலோக வளையங்கள். இரு பக்கமும் உள்ள அழுத்தம் சரியாக இருக்கும் வரையில்தான் அவை ஆயிலைத் தடுத்து நிறுத்தும். வடியும் வழி அடைபட்டாலும், என்ஜினின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடினாலும், ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் நல்ல நிலையில் உள்ள டர்போவே ஆயிலைக் கசியவிடும்! அத்தகைய டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் அதுவும் அவ்வாறே கசியும்.

நிறம் கூறுவது

நீலப் புகை: ஆயில் எரிகிறது என்று பொருள். எரிந்த ஆயிலின் காரமான நெடியும் உடன் வரும்.

கரும் புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டு செல்லும் ஹோஸில் வெடிப்பு, இன்ஜெக்டர் கோளாறு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இத்துடன் வண்டியில் இழுவை குறைந்து, ஆயில் அளவு மட்டும் மாறாதிருந்தால், முதலில் ஹோஸையும் அதன் கிளிப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண் புகை: குளிர்ந்த காலை வேளையில் சிறிது நேரம் வந்து மறைவது வெறும் நீராவி, அஞ்ச வேண்டியதில்லை. என்ஜின் சூடேறிய பின்னும் அடர்த்தியாக வந்து, இனிப்பு கலந்த வாடை வீசி, கூலண்டும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். டீசல் நெடி வீசினால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது என்று கொள்ள வேண்டும்.

நேரம் கூறுவது

நிறத்தைவிட, புகை எப்போது வருகிறது என்பதே நுட்பமான சான்று. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை ஒருமுறை எழுந்து மறைந்தால், இரவு முழுவதும் வால்வு சீல்களின் வழியே ஆயில் கசிந்து இறங்கியிருக்கக்கூடும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வந்து, மீண்டும் மிதித்தவுடன் புகைந்தாலும் வால்வு சீல் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் விடாது புகைந்தால், பிஸ்டன் ரிங், டர்போ ஆகிய இரண்டையும் சோதிக்க வேண்டும். வண்டி நின்றபடியே என்ஜின் நெடுநேரம் ஓடி, பிறகு கிளம்பும்போது புகைமண்டலம் எழுந்தால், டர்போவிலிருந்து ஆயில் வடியும் வழியையும் வால்வு சீல்களையும் பார்க்க வேண்டும்.

ஆதலின் பட்டறைக்குச் செல்லுமுன் இந்த விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரின் கண்ணுக்குப் புகை தெரியாது. பின்னால் வேறொரு வண்டியில் வருபவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

புதிய கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்கேற்ப, டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் புகைக்கரி வடிகட்டி பொருத்தப்படுகிறது. அது புகையைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஆயில் எரிந்தாலும் வெளியே எளிதில் தெரியாது. இத்தகைய கார்களில் டீசல் கலந்து ஆயில் அளவு கூடுவதும் உண்டு. புகை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாமல், அளவுக்கம்பியைப் பார்ப்பது இன்றியமையாதது. அளவு குறைவதைப் போலவே கூடுவதும் ஆபத்தேயாகும்.

அளந்து பாருங்கள்

"நிறைய ஆயில் குடிக்கிறது" என்பது கணக்காகாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, அளவுக்கம்பியின் மேல் கோடு வரை ஆயிலை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் மேல் கோட்டைத் தொட எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். இடையில் அளவு கீழ்க்கோட்டை நெருங்கினால் அப்போதே ஊற்றி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குறையலாம் என்று சில நிறுவனங்களின் கையேடுகள் இடம் தருகின்றன. எனினும், முன்பு குறையாத வண்டியில் திடீரெனக் குறையத் தொடங்குவதே கவலைக்குரிய அடையாளம்.

மேல் கோட்டைத் தாண்டி ஒருபோதும் ஊற்றாதீர்கள். மிகுதியான ஆயிலே புகைக்கும் கசிவுக்கும் காரணமாகிவிடும்.

புகை சற்றும் இல்லாமல் ஆயில் குறைந்தால், இரவில் வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடம் வழிகாட்டும். டர்போவுக்கு ஆயில் செல்லும் குழாயின் இணைப்பு, டேப்பட் கவர் கேஸ்கட், என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையிலுள்ள ஆயில் சீல் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள். கூலண்ட் தொட்டியில் பழுப்பு நிறக் குழம்பு மிதந்தால், ஆயில் கூலருக்குள்ளோ ஹெட் கேஸ்கட்டிலோ ஆயிலும் கூலண்டும் கலக்கின்றன என்று அறியலாம். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டலாகாது.

டர்போவைக் கழற்றுமுன்

உங்கள் மெக்கானிக்கிடம் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: ஏர் ஃபில்டரும், என்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாயும் அடைபடாமல் உள்ளனவா?

இரண்டு: பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா? என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால், புகை விசையுடன் குபுகுபுவென்று வெளியேறுகிறதா? அப்படியானால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்த வேண்டும். சூடான ஆயில் தெறிக்கும் என்பதால், இச்சோதனையைப் பழகியவரே செய்யட்டும்.

மூன்று: டர்போவுக்குக் காற்று வரும் ஹோஸ், அதிலிருந்து காற்று போகும் ஹோஸ் ஆகிய இரண்டையும் கழற்றிப் பார்த்தீர்களா? உட்புறம் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு. வரும் வழியிலேயே ஆயில் தேங்கியிருந்தால், அது பிரீதரிலிருந்து வந்தது. வரும் வழி உலர்ந்தும், போகும் வழியில் ஆயில் தேங்கியும் இருந்தால், டர்போவிலிருந்து கசிகிறது எனலாம்.

நான்கு: புகை செல்லும் பக்கம் எப்படி இருக்கிறது? டர்போவுக்கு முன்னுள்ள பாதையிலேயே ஆயில் ஈரம் இருந்தால், ஆயில் என்ஜினிலிருந்து வருகிறது. அங்கே உலர்ந்தும், டர்போவுக்குப் பின் ஈரமாகவும் இருந்தால், டர்போவைச் சந்தேகிக்கலாம்.

ஐந்து: டர்போவின் அச்சில் ஆட்டம் எவ்வளவு? என்ஜின் நின்று குளிர்ந்தபின், பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பே. முன்னும் பின்னும் அசைந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ, டர்போ உண்மையிலேயே கெட்டுவிட்டது.

ஆறு: அப்படிக் கெட்டிருந்தால், எதனால் கெட்டது? ஆயில் வரும் குழாய் கரி பிடித்து அடைபட்டதா? வடியும் குழாய் நசுங்கியோ, கேஸ்கட் பசை பிதுங்கி அடைத்தோ இருக்கிறதா? ஆயில் குழம்பாகி விட்டதா?

இந்த ஆறாவது கேள்வியின் அருமையை உணர்த்த ஐரோப்பாவில் நடந்த ஒன்றைக் கூறலாம். பியூஜோ, சிட்ரோன், ஃபோர்டு, வால்வோ முதலிய பல நிறுவனங்களின் கார்களில் 2004 முதல் பொருத்தப்பட்ட 1.6 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்றில் டர்போக்கள் அடிக்கடி பழுதாயின. புதியதைப் பொருத்தினாலும் சில நாட்களில் அதுவும் பழுதாகும். ஆராய்ந்தபோது வேர் வேறிடத்தில் இருந்தது. இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷரின் வழியே புகை கசிய, அதன் கரி ஆயிலில் கலந்தது. அந்தக் கரி, டர்போவுக்கு ஆயில் செல்லும் பாதையிலிருந்த சின்னஞ்சிறு சல்லடையை அடைத்தது. ஆயில் கிடைக்காத அச்சு தேய்ந்து மடிந்தது. சில காசு மதிப்புள்ள வாஷர் ஒன்றைக் கவனியாததால் டர்போவை அடுத்தடுத்து மாற்ற நேர்ந்தது! வாஷரையும் ஆயில் குழாயையும் மாற்றி, கரியைக் களைந்து, புதிய ஆயில் ஊற்றிய வண்டிகளே தப்பின.

உயிர் காக்கும் எச்சரிக்கை

டீசல் காரில் டர்போ பெருமளவு ஆயிலைக் காற்றுப் பாதைக்குள் விட்டுவிட்டால், என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு தன்போக்கில் சீறி ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அடர்ந்த புகை சூழும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால், கிளட்சை மிதித்து, பிரேக்கினால் ஓரமாக நிறுத்துங்கள். கியர் வண்டியாயின், பிரேக்கை அழுத்தி மிதித்து, கைபிரேக்கையும் இழுத்து, மிக உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டால் என்ஜின் திணறி நிற்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இவ்வழி இல்லை. இயலாதபோது எல்லோரும் உடனே இறங்கி, தொலைவில் சென்றுவிட வேண்டும். காற்றுக் குழாயைக் கையால் அடைக்க முயலவே கூடாது. கடும் நீலப் புகையுடன் ஆயில் வேகமாகக் குறையும் டீசல் காரில், "பெருநாளுக்கு ஊருக்குப் போய் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் புறப்பட வேண்டாம் என்று கூறுவது இதனால்தான்.

பழைய கார் வாங்குவோருக்கு

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பாருங்கள். நீங்கள் வருமுன்பே விற்பவர் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மற்றொரு நாள் வருவதாகக் கூறிவிடுங்கள். தடித்த ஆயிலை ஊற்றிப் புகையைச் சில நாள் மறைக்கும் வழக்கமும் சந்தையில் உண்டு. விற்பவர் நீங்களாயின், குறையை எடுத்துக் கூறி அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள்.

டர்போ நீடித்து உழைக்க வேண்டுமாயின், கையேடு குறிப்பிடும் ரக ஆயிலையே, குறித்த காலத்தில் மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து நின்றால், ஓரிரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். இல்லையேல் சூடான டர்போவுக்குள் தங்கிய ஆயில் கரியாகிவிடும். வாரம் ஒருமுறை அளவுக்கம்பியைத் துடைத்துப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம், மகனாயினும் மகளாயினும், ஒப்படையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஒரு என்ஜினையே காப்பாற்றிவிடும்.