பந்தைத் தொடாத மெஷின்

பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கி வந்த அந்த விளையாட்டுப் பலகை நினைவிருக்கிறதா? சாய்வான அட்டை, அதில் வரிசையாகக் குட்டி ஆணிகள், நம்பர் போட்ட குழிகள், ஓரத்தில் ஒரு ஸ்பிரிங். இழுத்து விட்டால் குண்டு விர்ரென்று மேலே ஓடி, வளைந்து, ஆணிகளில் முட்டி மோதி ஏதாவது ஒரு குழியில் விழும். ஐந்து குண்டுகளையும் விட்டுக் கூட்டிப் பார்த்து, அக்காவிடம் தோற்றுப்போய், பலகையைக் கொஞ்சம் சாய்த்து ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் கையைத் தூக்கலாம்.

அந்தப் பலகையை ஒரு மேசை அளவுக்குப் பெரிதாக்குங்கள். நான்கு கால் கொடுத்து, காசு போட ஒரு துளை வையுங்கள். நாம் கல்யாண வீட்டில் ஆடும் ஹவுஸியை அதோடு கலந்துவிடுங்கள். இந்த வாரக் கதாநாயகன் தயார். பெயர் பிங்கோ பின்பால். 1950-களில் அமெரிக்காவின் மதுக்கடைகளில் மினுக்கிக்கொண்டிருந்த மெஷின்.

பின்பால் என்றதும் பட்டனைத் தட்டத் தட்டப் பந்தை மேலே எகிற வைக்கும் இரண்டு மட்டைகள்தான் நமக்கு ஞாபகம் வரும். அவற்றுக்கு ஃபிளிப்பர் என்று பெயர். 1947-ல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்ற மெஷினில் அதைக் கொண்டுவந்தது. பிங்கோ மெஷின்கள் வந்தது அதற்கு நான்கு வருடங்கள் கழித்து. ஆனாலும் அவற்றில் ஃபிளிப்பர் கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. பந்து மேலிருந்து கீழே வர வேண்டும், ஒரு குழியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மெஷின் பிறந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். 1951 ஜனவரியில் அமெரிக்காவில் ஜான்சன் சட்டம் வந்தது. சூதாட்ட மெஷின்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடை. கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று காசு கொட்டுமே, அந்த ஸ்லாட் மெஷின்தான் முக்கியக் குறி. சிகாகோவில் இருந்த பாலி நிறுவனத்துக்கு இது பெரிய அடி. அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒற்றைப் பந்து குதிரைப் பந்தய மெஷின்களும் அடிபட்டுப் போயின.

சட்டத்தில் உருளை என்று இருக்கிறதா? சரி, உருளை வேண்டாம். காசு கொடுக்கக் கூடாதா? சரி, கொடுக்க வேண்டாம். ஜெயித்தால் இலவச ஆட்டம் மட்டும் கொடுப்போம் என்று கிளம்பினார்கள். அதே 1951-ல் யுனைடெட் நிறுவனம் ‘ஏபிசி’ என்ற மெஷினைக் கொண்டுவர, பாலி ‘பிரைட் லைட்ஸ்’ மெஷினை இறக்கியது. பாலியின் பிங்கோ மெஷின்களுக்குப் பின்னால் இருந்த மூளை டான் ஹூக்கர் என்ற இன்ஜினீயர். அடுத்தடுத்து வந்தவற்றின் பெயர்களைப் பாருங்கள்: அட்லாண்டிக் சிட்டி, பாம் பீச், மியாமி பீச், கீ வெஸ்ட். எல்லாம் கடற்கரை ஊர்கள். கண்ணாடியில் நீச்சலுடைப் பெண்கள் படம். சம்பள நாளன்று மதுக்கடைக்கு வருகிறவர்கள் யார் என்று தெரிந்து வைத்த பெயர்கள்.

ஆட்டம் எளிமையானது. சாய்வான பலகையில் 1 முதல் 25 வரை நம்பர் போட்ட குழிகள். எதிரே நிற்கும் கண்ணாடியில் ஐந்துக்கு ஐந்து கட்டம், அதிலும் அதே 25 நம்பர்கள். ஆனால் வரிசை மாறியிருக்கும். கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நம்பர்கள் பலகையில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். ஐந்து பந்துகள். பந்து விழுந்த குழியின் நம்பர் கண்ணாடியில் எரியும். ஒரே வரிசையில் மூன்று எரிந்தால் கொஞ்சம் இலவச ஆட்டம், நான்கு எரிந்தால் இன்னும் அதிகம், ஐந்து எரிந்தால் நூற்றுக்கணக்கில்கூடக் கிடைக்கும்.

நாம் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறோம், மூன்று வரிசையாக எரிகிறது என்று. ஆனால் கம்ப்யூட்டர் சிப் எதுவும் இல்லாத மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?

ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச். பந்து உட்கார்ந்தால் அழுத்தும். அங்கிருந்து கம்பி தலைப்பெட்டிக்குப் போகிறது. அங்கே ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதன் மேல் செம்புப் பொட்டுகள், பொட்டுகளை உரசிக்கொண்டு சுற்றும் விரல்கள். தட்டு சுற்றும்போது அந்த விரல்கள் முதல் வரிசையின் ஐந்து நம்பர்களைத் தொடும். அடுத்து இரண்டாவது வரிசை. இப்படிக் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து, மூலைவிட்டம் இரண்டு என்று 12 வரிசைகளையும் ஒவ்வொன்றாக விசாரிக்கும். ஐந்து ரிலேக்கள் காத்திருக்கும். ரிலே என்றால் கரன்ட் வந்தால் காந்தமாகி ஒரு தகட்டை டக்கென்று இழுக்கும் ஸ்விட்ச், அவ்வளவுதான். ஒரு வரிசையில் மூன்று ரிலேக்கள் சேர்ந்து இழுத்தால் பரிசுக்கான பாதை திறக்கும். இலவச ஆட்டத்தின் எண்ணிக்கை டக்டக்கென்று ஏறும். பள்ளிக்கூடத்தில் ஆப்சென்ட் பார்க்கிற டீச்சர் போல, ஒரு நம்பரையும் விடாமல் கேட்டுக்கொண்டே போகிற தட்டு.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில மெஷின்களில் கட்டத்தின் ஒரு மூலையில் இருக்கும் நான்கு நம்பர்களை ஆடுகிறவரே குமிழைத் திருகிச் சுழற்றலாம். ஒன்று இங்கே வந்தால் மூன்று சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுத் திருகலாம். கடைசிப் பந்துகளுக்கு முன்னால் இந்த முடிவை எடுத்துவிட வேண்டும். பார்க்க வெறும் குமிழ். ஆனால் கண்ணாடியில் நம்பர் இடம் மாறினால் உள்ளே கம்பிகளும் இடம் மாற வேண்டுமே! குமிழோடு சேர்ந்து உள்ளே இன்னொரு தட்டும் திரும்பி, 7 இருந்த இடத்துக்கு 12-ன் கம்பியைக் கொண்டுவந்து இணைக்கும். இதையெல்லாம் பேப்பரிலும் பென்சிலிலும் யோசித்து வரைந்திருக்கிறார்கள். அந்த வரைபடங்களைப் பார்த்தால் ஒரு ஊரின் தெரு மேப் போல இருக்கும். முதல்முறை பார்த்தபோது நான் மடித்து வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

இனிமேல்தான் விஷயமே. பந்து எந்தக் குழியில் விழ வேண்டும் என்பதில் மெஷின் தலையிடவே இல்லை. அடியில் காந்தம் கிடையாது, குழியை மூடும் தந்திரமும் கிடையாது. ஆட்டம் முடிந்து அடுத்த காசு போட்டால்தான் குழிகளுக்கு அடியில் இருக்கும் பலகை நகர்ந்து பழைய பந்துகளை உள்ளே விழவைக்கும். பந்து விஷயத்தில் மெஷின் படு நேர்மை. விளையாட்டு வேறு இடத்தில் நடந்தது. காசு போடும் துளையில்.

முதல் ஐந்து சென்ட் நாணயம் ஆட்டத்தைத் தொடங்கும். பரிசு அளவு அடிமட்டத்தில் இருக்கும். இன்னொரு காசு போட்டால் அது ஏறலாம். ‘ஏறும்’ இல்லை, ‘ஏறலாம்’. காசு விழுந்ததும் மோட்டார் ஓடும். உள்ளே மிக்ஸர் என்ற தட்டுகள் நகர்ந்து எங்கேயோ நிற்கும். கரன்ட் ஒரு தட்டிலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு என்று எல்லாவற்றையும் கடந்துவிட்டால் பரிசு ஒரு படி உயரும். நடுவில் ஒரு தட்டில் பொட்டு இல்லாத இடமாக அமைந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. விளக்குகள் மட்டும் ஒரு சுற்று மினுக்கிவிட்டு அணையும். காசு போயே போச்சு.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அதே ஆட்டத்தில் ஒருமுறை ஏறிய பரிசு, அடுத்த காசால் இறங்காது. ‘போட்டால் நஷ்டம் ஒரு காசு, வந்தால் லாபம்’ என்று மனசு கணக்குப் போடும். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுதான் காசு என்ற வரம்பும் கிடையாது. ஒரு பந்தைக்கூட விடாமல் நின்ற இடத்திலேயே 20, 30 காசு போடலாம். ஐந்து பந்துகளும் முடிந்து, வரிசையில் இரண்டு எரிந்து ஒன்றுக்காக ஏங்கி நிற்கும்போது ‘எக்ஸ்ட்ரா பால் வேண்டுமா?’ என்று மெஷின் கேட்கும். அதற்கும் காசு. போட்டால் பந்து வரலாம், வராமலும் போகலாம்.

இந்தத் தட்டுகளுக்கெல்லாம் மேலே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ரிஃப்ளெக்ஸ் யூனிட் என்று பெயர். படிப்படியாக முன்னும் பின்னும் நகரும் ஒரு சக்கரம். காசு விழ விழ அது ஒரு பக்கம் நகரும், மெஷின் தாராளமாகும், கரன்ட் கடந்துபோகக் கூடுதல் பாதைகள் திறக்கும். யாராவது ஜெயித்து இலவச ஆட்டம் ஏற ஏற, சக்கரம் எதிர்ப்பக்கம் போகும், பாதைகள் குறையும். சோறு கொஞ்சமாக இருந்தால் கரண்டியை அளந்து வைப்பார்களே, அதுபோல. நன்றாக ஆடுகிறவர் வந்து அள்ளிக்கொண்டு போனால் அவருக்கு அடுத்து நிற்கிறவருக்கு விலை கூடும். முந்தைய ஆளின் ராசி தன் காசைத் தின்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது.

நன்றாக ஆடுகிறவர் என்று சும்மா சொல்லவில்லை. பலகையில் ரப்பர் வளையம் மாட்டிய தூண்கள் உண்டு. பந்து அவற்றில் படும் சரியான நொடியில் மெஷினை உள்ளங்கையால் லேசாகத் தள்ளினால் பந்தின் பாதை மாறும். ரொம்பத் தள்ளினால் உள்ளே தொங்கும் பெண்டுலம் வளையத்தில் பட்டு, ‘டில்ட்’ என்று விளக்கு எரிந்து ஆட்டம் செத்துவிடும். இந்தக் கையளவு தெரிந்தவர்கள் தேவையான குழியருகே பந்தை அழைத்து வருவார்கள். இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற விவாதம் அமெரிக்கக் கோர்ட்டுகளில் வருடக்கணக்கில் நடந்தது. ஆன்லைன் ரம்மி வழக்குகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது.

சரி, 200 இலவச ஆட்டம் ஜெயித்தவர் என்ன செய்வார்? உட்கார்ந்து 200-ஐயும் ஆடுவாரா? கடைக்காரரைக் கூப்பிடுவார். அவர் எண்ணிக்கையைப் பார்த்து, ஆட்டத்துக்கு ஐந்து சென்ட் வீதம் பத்து டாலரைக் கையில் கொடுப்பார். பிறகு யார் கண்ணிலும் படாத ஒரு பட்டனை அழுத்துவார். எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். மெஷின் காசே கொடுக்கவில்லை, பாருங்கள்! கண்ணாடியில் ‘பொழுதுபோக்குக்கு மட்டும்’ என்று எழுதியே இருக்கும்.

ஆனால் மெஷினின் முதலாளி வேறு, கடைக்காரர் வேறு. எவ்வளவு கொடுத்தோம் என்பதற்குக் கணக்கு வேண்டுமே! அதற்காக உள்ளே இன்னொரு மீட்டர். பட்டன் அழுத்தி அழித்த ஆட்டங்களை மட்டும் அது தனியாக எண்ணி வைக்கும். விளையாடிய ஆட்டத்தை எண்ணினால் புரிகிறது. விளையாடாமல் அழித்த ஆட்டத்தை எதற்கு எண்ண வேண்டும்? கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்க வைத்த மீட்டரே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

1957-ல் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கேள்வி வரி பற்றியது. பொழுதுபோக்கு மெஷினுக்கு வருட வரி 10 டாலர். சூதாட்ட மெஷினுக்கு 250 டாலர். இலவச ஆட்டத்துக்குக் கையில் காசு கொடுத்தால் அது சூதாட்டம்தான், 250 கட்டு என்றது நீதிமன்றம். 1962-ல் ஜான்சன் சட்டத்தையும் திருத்தினார்கள். உருளை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே வேண்டாம், முக்கியமாகச் சூதாட்டத்துக்காகவே செய்த மெஷின் என்றால் தடை என்று வலையை அகலமாக்கினார்கள். அமெரிக்காவில் பிங்கோவின் பொற்காலம் அதோடு முடிந்தது. பாலிக்குப் பெரிய நஷ்டம் என்று நினைக்காதீர்கள். மிக்ஸர், தட்டு, ரிலே என்று படித்த பாடத்தை வைத்து, சூதாட்டம் சட்டப்படி நடக்கும் நெவாடாவுக்கு மின்சார ஸ்லாட் மெஷின் செய்து சக்கைப்போடு போட்டார்கள்.

பிங்கோ கப்பலேறி ஐரோப்பா போனது. பெல்ஜியம்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கே உள்ளூர் கம்பெனிகளே பிங்கோ செய்யத் தொடங்கின. காஃபி, பீர் கடைகளில் லைசென்ஸோடு பிங்கோ மெஷின் வைக்க அந்த நாட்டின் சூதாட்டச் சட்டமே தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

பழைய பாலி மெஷின்களைத் தேடி வாங்கி வீட்டில் வைத்துப் பழுதுபார்க்கிற ரசிகர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. தட்டுகளைக் கழற்றி, கறுத்த பொட்டுகளைத் துடைத்து, இறுகிப்போன கிரீஸைச் சுரண்டி எடுத்து, வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு அறுந்த கம்பியைத் தேடுவார்கள். ஓடத் தொடங்கியதும் காசுக்குப் பதில் இலவச ஆட்டங்களைக் கையாலேயே ஏற்றிக்கொண்டு ஆடலாம். வீட்டில் பந்தயம் இல்லை, கடைக்காரர் இல்லை, பங்கு பிரிக்க முதலாளியும் இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர் நாலு ஆட்டம் நன்றாக ஜெயித்தால், தலைப்பெட்டிக்குள் அந்த ரிஃப்ளெக்ஸ் சக்கரம் டக் டக்கென்று நகர்ந்து பாதைகளை மூட ஆரம்பித்துவிடுகிறது.