ஜகாத் கொடுத்தால் வரி தீர்ந்துவிடுமா?

“துபையில் எனக்கு வீடு இருக்கிறது. அங்கிருந்துதான் இணையத்தில் விற்கிறேன். இந்தியாவில் எதற்கு வரி?” காயல்பட்டினத்துக்கு விடுமுறையில் வரும் வணிகச் சகோதரர் சிலரின் வாதம் இது. கொழும்பிலும் ஹாங்காங்கிலும் நாணயத்தையே முதலாக வைத்து மாணிக்கம் விற்றவர்களின் ஊரில் இப்படியொரு பேச்சா?

சரக்கு காயலில் இருந்து, விற்பனையும் இங்கேயே நடந்தால், இங்கே விளைந்த லாபத்துக்கு இங்கே வரி உண்டு. உரிமையாளர் ஆண்டு முழுவதும் துபையில் இருந்தாலும் சரி. அத்தகைய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பிடி இன்னும் இறுகும். எந்நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், ஊருக்கு ஒரு நாள்கூட வராவிடினும், இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. அமீரகமும் பழைய அமீரகமாக இல்லை. 2018 முதல் அங்கே 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது.

“ஜகாத் கொடுக்கிறோமே!” என்பார்கள். ஜகாத் பெற உரியோர் எட்டு வகையினர். வருமான வரித்துறை அவர்களுள் ஒன்றா? ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. இந்தியக் கடவுச்சீட்டும் ஓர் ஒப்பந்தம்தான். வரி அநியாயம் எனில் வெளிப்படையாக வாதாடலாம்; கணக்கை மறைக்க அனுமதி ஏது?

இதில் கொடுமை, விற்பனைக் கணக்கை உம்மாவின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ தொடங்குவதுதான். மகன் துபையில் இருப்பான். நோட்டீஸோ, படிக்கக் கண்ணாடி தேடும் அந்த முதியவளின் பெயருக்கு வரும்.