கொடியும் கோயிலும்

தேச பக்தியும் தெய்வ பக்தியும் மனிதனுடைய உள்ளத்தில் விளையும் பொருள்கள். அவற்றைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பதற்கில்லை. ஆகையினாலேயே அவற்றில் போலிச் சரக்கைக் கலப்பது மிகவும் எளிதாயிருக்கிறது. பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. தேசத்தின் பேரையும் தெய்வத்தின் பேரையும் மேடைதோறும் முழங்குகிறவர்களுடைய பக்தியின் மாற்றை அறிய உரைகல் யாது? இக்கேள்விக்கு விடை காணாமல் நம் ஜனங்கள் வாக்குச் சாவடிக்குச் செல்வது, விலை விசாரிக்காமல் சந்தைக்குச் செல்வதற்கு ஒப்பாகும்.

இந்த வியாதி நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவை நோக்குவோம். 1954-ஆம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் கருப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளியுமாக வைத்திருப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப்பின் ஒரு மாதம் ஆகுமுன்னரே, ஜூன் 14-ந் தேதி, பள்ளிப் பிள்ளைகள் கொடியின்முன் கூறும் உறுதிமொழியில் கடவுளின் பெயர் சட்டப்படி சேர்க்கப்பட்டது. இவ்விரண்டில் எதைத் தென் மாகாணங்கள் உவந்து ஏற்றன? கடவுளின் பெயரை உடனே ஏற்றன. கருப்பர் பிள்ளைகளைப் பள்ளியில் ஏற்பதற்குப் பல வருஷங்கள் மறுத்தன. கடவுளின் பெயரை ஓதும் வாய், கடவுளின் குழந்தை ஒன்றுக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க மறுத்தது. ஓதுவதற்குச் செலவில்லை, இடம் கொடுப்பதற்குச் செலவுண்டு. விஷயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த வேஷம் பின்னாளிலும் கலைந்துவிடவில்லை. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி, கருப்பர் ஒருவர் போலீஸ்காரரால் மாண்டதைக் கண்டித்துத் தலைநகரில் கூடியிருந்த ஜனங்கள் பலாத்காரமாய்க் கலைக்கப்பட்டனர். சற்று நேரத்துக்கெல்லாம் ஜனாதிபதி டிரம்ப் அவ்விடத்தைக் கடந்து அருகிலிருந்த மாதா கோயிலுக்கு நடந்து சென்றார். உள்ளே சென்று தொழவில்லை. வேதப் புஸ்தகத்தைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கச் செய்து திரும்பினார். அக்கோயில் எந்தத் திருச்சபையைச் சேர்ந்ததோ அதன் மேற்றிராணியாரே இச்செய்கையைக் கண்டித்தார். 2024-ல் அரசியல் சட்டத்தையும் ஒரு தேசபக்திப் பாட்டையும் சேர்த்துக் கட்டிய வேதப் புஸ்தகம் ஒன்றைச் சுமார் 60 டாலர் விலைக்கு வாங்கும்படி அவர் தம் அபிமானிகளைத் தூண்டினார். வேதமும் சட்டமும் பாட்டும் ஒரே கட்டில் கடைச் சரக்காயின.

இதைக் கண்டு அமெரிக்கரை நகைப்பது எளிது. ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் முன்னோர் சொல். அமெரிக்காவிலேயே, அடிமையாயிருந்து தப்பிய பிரடரிக் டக்ளஸ், 1852-ல் சுதந்திர தின விழாவுக்குப் பேச அழைக்கப்பட்டபோது, இந்தத் திருநாளில் அடிமைக்கு என்ன பங்கு என்று சபையோர் முகத்துக்கு நேரே கேட்டார். அக்கேள்வி கடல் கடந்து நம்மிடமும் வந்து நிற்கிறது. நம்முடைய ஆகஸ்டு 15-ல் எல்லோருக்கும் பங்கு உண்டா?

சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் ஜில்லாவில் ஆத்துப்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2019 டிசம்பரில் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் அவ்வூர்த் தலைவராகப் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று ஊர்த் தலைவர் என்ற முறையில் கொடியேற்றும் உரிமை அவருடையது. ஆனால் அவர் கொடியேற்றக் கூடாதென்று தடுக்கப்பட்டார். காரணம் அவருடைய ஜாதியன்றி வேறில்லை. செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. அதன் பின்னர் ஜில்லாக் கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் நேரில் சென்று, ஆகஸ்டு 20-ந் தேதி அவரைக்கொண்டே கொடியேற்றுவித்தனர். சுதந்திரம் ஆத்துப்பாக்கத்துக்கு ஐந்து நாள் தாமதமாக, போலீஸ் காவலுடன் வந்து சேர்ந்தது!

அவரைத் தடுத்தவர்கள் தேசத் துரோகிகள் என்று தம்மை எண்ணியிருப்பார்களா? ஒருக்காலும் இல்லை. கொடி பறக்கவேண்டும் என்பதில் அவர்களுக்கும் ஆசைதான். இன்னாருடைய கை அதன் கயிற்றைத் தொடலாகாது என்பது மட்டுமே அவர்களுடைய ஆட்சேபம். கொடியின்மேல் அளவற்ற பக்தி. கொடியின்கீழ் நிற்கும் பிரஜையின்மேல் அளவற்ற வெறுப்பு. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதுதான் நம் தேசாபிமானத்தின் பயங்கரமான உண்மை.

இது ஓர் ஊரின் தனிக்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அந்நாள் தலைமைக் காரியதரிசி இறையன்பு அவர்கள், பஞ்சாயத்துத் தலைவர்கள் ஜாதி வித்தியாசமின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யவேண்டும் என்று எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் எழுத நேர்ந்தது. அதே ஆகஸ்டில்தான் வீடுதோறும் மூவர்ணக் கொடி என்னும் இயக்கம் தேசமெங்கும் நடந்தது. ஒரு பக்கம், கொடியேற்றாத வீடு இருக்கலாமா என்ற ஆரவாரம். மறு பக்கம், கொடியேற்ற வந்த தலைவரைத் தடுக்காதீர்கள் என்ற சுற்றறிக்கை. இவ்விரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவனுக்கு நாம் மேலும் விளக்கவேண்டுவதில்லை.

இதற்கு நீண்ட சரித்திரமும் உண்டு. மதுரை ஜில்லாவில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய பஞ்சாயத்துகளின் தலைமை தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தலைவர் அமர முடியவில்லை. அதே ஜில்லாவில் மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் 1997-ஆம் வருஷம் ஜூன் 30-ந் தேதி, பஸ்ஸில் வரும் வழியில், உடன் வந்தோர் சிலரோடு படுகொலை செய்யப்பட்டார். சுதந்திரத்தின் பொன்விழாவுக்கு அப்போது ஆறு வாரங்களே இருந்தன.

தெய்வ பக்தியின் நிலையோ இதனினும் பரிதாபம். 1939-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி மதுரை வைத்தியநாதய்யர், கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துள் பிரவேசித்தார். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டமும் நிறைவேறிற்று. தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 17-ஆம் ஷரத்து கூறுகிறது. எனினும் திருவண்ணாமலை ஜில்லா தென்முடியனூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் அம்மன் கோயிலுக்குள் கால் வைப்பதற்கு 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி வரையில், அதாவது மகாத்மா மறைந்த நாள் எழுபத்தைந்தாம் முறை திரும்பி வரும் வரையில், காத்திருக்க வேண்டியிருந்தது. விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயில் 2023 ஜூன் மாதம் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் திறந்தார்கள். எல்லோரும் உள்ளே செல்வதற்கு 2025 ஏப்ரல் வரை ஆயிற்று. சக மனிதனை உள்ளே விடுவதினும் அம்மன் பூட்டிய கோயிலுக்குள் விளக்கின்றி இருப்பது மேல் என்று எண்ணுவதற்குப் பக்தி என்று பெயரிடலாமா?

இத்தகைய ஊர்களில் நம் ராஜீயக் கட்சிகள் செய்தது என்ன? கோயிலைக் காப்போம் என்று நகரத்து மேடைகளில் முழங்கும் கட்சிகளும் சரி, ஜாதியை ஒழிப்போம் என்று சிலைகளுக்கு மாலையிடும் கட்சிகளும் சரி, அவ்வூர்களின் எல்லைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வித்தையில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் அல்லர். ஊரார் வாக்குகளின் தொகை அவர்களுக்குத் தெரியும். கோயிலைத் திறந்துவிட்டது பெரும்பாலும் கோர்ட்டும் கலெக்டரும் போலீஸுமே.

சட்டத்தினால் தேசபக்தியை ஊட்டலாம் என்ற எண்ணமும் நம்மிடையே வளர்ந்து வருகிறது. 2016-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட், தியேட்டர்களில் படத்துக்குமுன் தேசிய கீதம் ஒலிக்கவேண்டும், எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று கட்டளையிட்டது. அடுத்த மாதமே சென்னைத் தியேட்டர் ஒன்றில் எழுந்து நிற்காத இளைஞர் சிலர் தாக்கப்பட்டனர். அடிபட்டவர்கள் மீதே வழக்கும் பதிவாயிற்று. 2018 ஜனவரியில் அதே கோர்ட், கீதம் ஒலிப்பது தியேட்டர்காரர்களின் விருப்பம் என்று தன் கட்டளையைத் தளர்த்தியது. இடையில், 2017 ஜூலையில், சென்னை ஐகோர்ட் பள்ளிகளில் வாரம் ஒருமுறையும் காரியாலயங்களில் மாதம் ஒருமுறையும் வந்தே மாதரம் பாடவேண்டும் என்றது. தக்க காரணம் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் அதுவே கூறிற்று.

இவ்விஷயத்தில் நியாயம் எங்கே இருக்கிறது என்பதை 1986-ஆம் வருஷத் தீர்ப்பு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியிருக்கிறது. கேரளத்துப் பள்ளியொன்றில் மூன்று குழந்தைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாக, தேசிய கீதம் பாடாமல் மரியாதையுடன் எழுந்து மட்டும் நின்றனர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். நீதிபதி சின்னப்ப ரெட்டி, அவர்கள் எவ்வித அவமரியாதையும் செய்யவில்லை என்று கண்டு, அவர்களை மீண்டும் சேர்க்கும்படி தீர்ப்பளித்தார். கொடியை வணங்கும்படி குழந்தைகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1943-ல், மகாயுத்தத்தின் நடுவில், அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் கூறிய தீர்ப்பையும் அவர் எடுத்துக் காட்டினார். யுத்த காலத்திலேயே ஒரு தேசம் தாங்கிக்கொண்ட மௌனத்தைச் சமாதான காலத்தில் நம்மால் தாங்க முடியாதா? தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனை அடிக்கக் கை ஓங்கியதுபோல், ஆத்துப்பாக்கத்தில் தலைவரைத் தடுத்தவர்களைக் கேட்க ஒரு தேசபக்தன் உடனே ஓடிவந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

சின்னங்கள் எல்லாம் வீண் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். இதே கொடிக்காக 1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரன் மண்டையில் தடியடி பட்டு உயிர் துறந்தான். அதே மாதம் 26-ந் தேதி ஆர்யா என்னும் பாஷ்யம் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தின் உச்சியில் நம் கொடியைப் பறக்கவிட்டார். அன்று கொடியைத் தொடுகிறவனுக்குக் கிடைத்தது தடியும் சிறையும். இன்று கொடியைத் தொடுகிறவனுக்குக் கிடைப்பது படமும் பதவியும். கொடி அதே கொடிதான். அதைப் பிடிப்பவன் கொடுக்கும் விலை மாறியிருக்கிறது. ஆகவே நாம் தேடிய உரைகல் கிடைத்துவிட்டது. ஒருவன் காட்டும் பக்தியினால் அவனுக்கு நஷ்டம் உண்டா, லாபம் உண்டா என்று பாருங்கள். வைத்தியநாதய்யர் தம் ஜாதியாரின் பகையைத் தேடிக்கொண்டார்; அவருடைய தெய்வ பக்தி மெய்யானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

கொடியின் துணியும் இதற்கு ஒரு சாட்சி. கையால் நூற்றுக் கையால் நெய்த துணியே தேசியக் கொடிக்கு உரியது என்பது நெடுநாள் விதி. ஏழை நூற்போருக்குக் கஞ்சி வார்ப்பதும் தேசபக்தியின் பகுதி என்பது அதன் தாத்பரியம். 2021 டிசம்பர் 30-ந் தேதி அவ்விதி திருத்தப்பட்டு, பாலியெஸ்டர் துணியும் யந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டன. கொடி பெருகிற்று, ராட்டினத்துக்கு அதில் இருந்த தனியுரிமை போயிற்று. சென்னையின் பாலவாக்கம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் வெயிலும் பட்டு வெளுத்துக் கிழிந்த கொடி, விழா முடிந்தபின் யார் பொறுப்பு? கிழிந்த கொடியைத் தனியிடத்தில் மரியாதையுடன் எரித்துவிடவேண்டும் என்று கொடி விதி கூறுகிறது. ஏற்றுவதற்குப் படமெடுக்க வந்தவர்கள் இறக்குவதற்கு வருவதில்லை.

இனிச் செய்யவேண்டியது யாது? தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடவேண்டும். அவற்றில் சுதந்திர தினமும் குடியரசு தினமும் இரண்டு. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. தேர்தல் மூலம் புதிதாய் வரும் ஒவ்வொரு தலைவரும், எந்த ஜாதியாராயினும், முதல் சுதந்திர தினத்திலேயே தம் கையால் கொடியேற்றி, நாற்காலியில் அமர்ந்து சபையை நடத்துவதை அந்தந்த ஊர்த் தேசபக்தர்கள் நேரில் நின்று பார்க்கவேண்டும். பாலவாக்கமும் 2011 வரை பஞ்சாயத்தாயிருந்து பின்னர் மாநகராட்சியில் சேர்ந்ததுதான். நகரவாசிகளுக்குக் கிராம சபை இல்லை எனினும் 2022 முதல் பகுதி சபைகள் உண்டு. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் எவராயினும், அவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: உம்முடைய தொகுதியில் எந்தக் கோயிலின் கதவு யாருக்குச் சாத்தியிருக்கிறது? அதைத் திறக்க நீர் எத்தனை வாக்குகளை இழக்கச் சித்தமாயிருக்கிறீர்?

விடை சொல்லத் தயங்குகிறவருடைய நெற்றியில் எந்தக் குறி இருந்தாலும், சட்டையில் எந்தக் கொடி குத்தியிருந்தாலும், அவருக்கு நம் வாக்கு உரியதன்று. ஆத்துப்பாக்கத்தில் ஐந்து நாள் தாமதித்த கொடி, இனி எந்த ஊரிலும் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. தேசபக்தர்கள் கூட்டத்தோடு நின்று கோஷமிடுவது போதாது. அந்தக் கொடிக்கம்பத்தின் அடியில், தடுக்கப்பட்டவருக்குப் பக்கத்தில், வந்து நிற்க வேண்டும்.